பில்லில் தமிழ் உடைந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்கு எடை ரசீது மென்பொருள், ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குக் கணக்கு, தருமபுரியில் பள்ளிக்கு மாணவர் பட்டியல் என்று எதை எழுதிக் கொடுத்தாலும், ஒரு நாள் அந்த போன் வரும்: "சார், பேரு எல்லாம் என்னமோ மாதிரி வருது." உடனே எடிட்டரைத் திறக்க வேண்டாம். திரையை அல்லது காகிதத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கேள்விக்குறியா, வெறும் கட்டமா, புள்ளி வட்டமா, லத்தீன் குப்பையா, சீன எழுத்தா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு அடுக்கில் வரும் கோளாறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் மீட்கக்கூடிய தரவும் போய்விடும். ஆகவே டேட்டாபேஸில் எந்த அப்டேட்டும் ஓட்டுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் இரண்டு மூன்று இடங்களில் திரும்பி வர வழியே இல்லை.

இந்தக் கட்டுரையில் வரும் குறியெண்கள் எல்லாம் பதின்ம எண்கள். பைதானில் "ஆர்ட்", ஜாவாஸ்கிரிப்டில் "கோட்பாயிண்ட்அட்" கொடுக்கும் அதே எண்தான். நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு அளவுகோல்: 5, 8, 24

எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் தமிழுக்கான பகுதி 2944 முதல் 3071 வரை. உயிர்மெய் எழுத்து ஒன்று நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கு ஒரு குறி. அந்த எண்களை பைட்டாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "தருமபுரி" என்பது த, ரு, ம, பு, ரி என 5 எழுத்து. குறிகளாக எண்ணினால் த, ர, உகரக்குறி, ம, ப, உகரக்குறி, ர, இகரக்குறி என 8. பைட்டில் 24. இதே கணக்கில் "தேன்கனிக்கோட்டை" 8 எழுத்து, 15 குறி, 45 பைட்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் "சார்_லென்த்" குறிகளை எண்ணும். "லென்த்" பைட்டை எண்ணும். ஏதாவது ஒரு வரிசையில் தருமபுரி என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் வரும் சோடி எண் நோயைச் சொல்லிவிடும்.

8, 24 வந்தால் தரவு நன்றாக இருக்கிறது. கோளாறு வெளியே, காட்டும் இடத்தில். 24, 48 வந்தால் இரண்டு முறை குறியாக்கம் (எழுத்தை பைட்டாக்குவது) ஆகியிருக்கிறது, மீட்கலாம். 24, 24 வந்தால் ஐரோப்பிய எழுத்துக்கான ஒற்றை பைட் குறியாக்கமான லத்தீன்1இல் அமைந்த பத்திக்குள் (டேபிளின் நெடுவரிசை) யூடிஎஃப்-8 பைட்கள் உட்கார்ந்திருக்கின்றன, இதையும் மீட்கலாம். 8, 8 வந்தால் உள்ளே இருப்பது எட்டு கேள்விக்குறிகள், பேக்கப்பைத் தேடுங்கள்.

கண்ணால் பார்ப்பதை நம்பாமல் இந்த எண்ணை நம்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டேட்டாபேஸ் பார்க்கும் கருவி, கமாண்ட் விண்டோ, பிரவுசர் மூன்றும் தம் தம் விருப்பப்படி எழுத்தை மாற்றிக் காட்டும். விண்டோஸ் கமாண்ட் விண்டோவில் கேள்விக்குறி வந்தது என்பதற்காகத் தரவு கெட்டது என்று சொல்ல முடியாது.

அறிகுறி: ????????

எழுத்துக்கு இடமில்லாத குறியாக்கத்துக்குத் தமிழ் தள்ளப்பட்டிருக்கிறது. கேள்விக்குறிகளை எண்ணுங்கள். தருமபுரிக்கு எட்டு என்றால், மென்பொருள் தமிழைத் தமிழாகவே புரிந்துகொண்டு, வைக்க இடமில்லாமல் குறிக்கு ஒன்றாக மாற்றிவிட்டது என்று பொருள்.

எஸ்க்யூஎல் சர்வரில் இது வருவதற்கு வழக்கமான காரணம் இரண்டு. பத்தி "வார்சார்" என்று இருக்கும். அதை "என்வார்சார்" ஆக்க வேண்டும். அல்லது பத்தி சரியாக இருந்தும், குவெரியில் நேரடியாக எழுதிய சரத்துக்கு (ஸ்ட்ரிங்) முன்னால் பெரிய "என்" எழுத்து விடுபட்டிருக்கும். விண்டோஸில் தமிழுக்கென்று தனி ஏஎன்எஸ்ஐ கோட் பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) கிடையாது. ஆகவே "என்" இல்லாத சரம் வழியிலேயே கேள்விக்குறியாகிவிடும். பாராமீட்டர் வைத்து எழுதினால் இரண்டாவது தொல்லை வராது. 2019 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்தை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் வார்சாரிலும் தமிழ் நிற்கும். ஆனால் அங்கே நீளம் பைட்டில் எண்ணப்படும் என்பதை மறக்கக் கூடாது.

மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பு குறியாக்கம் லத்தீன்1. 8.0 முதல் யூடிஎஃப்8எம்பி4. பழைய சர்வரில் டேபிள் உருவாக்கி, பிறகு சர்வரை மட்டும் மேம்படுத்தியவர்களுக்கு டேபிளின் பத்தி லத்தீன்1ஆகவே நிற்கும். சர்வர் அமைப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல் "ஷோ கிரியேட் டேபிள்" ஓட்டிப் பத்தி பத்தியாகப் பாருங்கள். பழைய "யூடிஎஃப்8" என்ற பெயர் ஒரு குறிக்கு 3 பைட் வரை மட்டுமே தாங்கும். தமிழுக்கு 3 பைட் போதும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. விவசாயி பெயரோடு யாரோ ஒரு மாம்பழ எமோஜியைச் சேர்த்து அனுப்பும் நாளில் அந்த வரிசை மட்டும் ஏறாது.

கேள்விக்குறிக்குப் பதில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் அது வேறு கதை. அது 65533 என்ற மாற்றுக் குறி. படிக்கிறவர் பைட்களைப் புரிந்துகொள்ளவில்லை. மூலக் கோப்பில் பைட்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அந்தத் திரையிலிருந்து யாரும் "சேமி" அழுத்தாத வரை.

அறிகுறி: தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும்

தமிழின் எல்லாக் குறிக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன்1ஆகப் படித்தால் 224 தலைக்கோடு போட்ட சின்ன "ஏ", 174 பதிவு வணிகக் குறி, 175 மேலே நிற்கும் சிறு கோடு. மூன்று மூன்றாக இந்த வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்: யூடிஎஃப்-8 பைட்களை யாரோ லத்தீன்1 என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள்.

எக்செலில் மட்டும் இப்படி வந்தால் தரவைத் தொடவே வேண்டாம். சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்திருப்பார்கள். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் இருந்தால் எக்செல் யூடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும்; இல்லாவிட்டால் கணினியின் கோட் பேஜில் படிக்கும். பைதானில் எழுதும்போது குறியாக்கத்தை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுத்தால் அந்த மூன்று பைட் சேர்ந்துவிடும். ஏற்கெனவே கையில் இருக்கும் கோப்பை டேட்டா தாவலில் "டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாகக் கொண்டுவந்து, கோப்பின் மூலத்துக்கு 65001 தேர்ந்தெடுத்தால் போதும்.

இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. அந்தக் கோப்பையே உங்கள் நிரல் சாதாரண யூடிஎஃப்-8ஆகத் திரும்பப் படித்தால், முதல் பத்தியின் தலைப்பு முன்னால் 65279 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொள்ளும். "பெயர்" என்ற பத்தி இருந்தும் "பெயர் இல்லை" என்று கீ எர்ரர் வரும். முதல் பத்தி மட்டும் கிடைக்காமல் மற்றவை கிடைத்தால் காரணம் இதுதான். படிக்கும்போதும் "யூடிஎஃப்-8-சிக்" கொடுங்கள். மூன்று பைட் இல்லாத கோப்பையும் அது ஒழுங்காகவே படிக்கும்.

டெக்ஸ்ட் இறக்குமதிப் பெட்டி வரை வந்துவிட்டால் சர்வே எண் பத்தியையும் "டெக்ஸ்ட்" என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் 12/3 என்ற உட்பிரிவு தேதியாகிவிடும். அதற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. ஆனால் பட்டா விவரம் வரும் எல்லாக் கோப்பிலும் கூடவே வரும்.

டேட்டாபேஸிலேயே 24, 48 என்று வந்தால் சரிசெய்யும் முறை இது. பத்தியின் மதிப்பை முதலில் "கன்வெர்ட் யூசிங்" கொண்டு லத்தீன்1 ஆக்குங்கள். அதை "காஸ்ட்" மூலம் பைனரியாக்குங்கள். பைனரியை மறுபடி யூடிஎஃப்8எம்பி4ஆகக் கன்வெர்ட் செய்யுங்கள். முதலில் செலக்டில் மட்டும் ஓட்டி, விடையின் சார்_லென்த் 8 வருகிறதா என்று பாருங்கள். அப்டேட் எழுதும்போது வேர் நிபந்தனை கட்டாயம்: 224ஆம் எழுத்தை ஒட்டி 174 அல்லது 175 வரும் வரிசைகள் மட்டும். நிபந்தனை இல்லாமல் ஓட்டினால், நல்ல தமிழாக இருக்கும் வரிசைகள் லத்தீன்1 ஆகும் முதல் படியிலேயே கேள்விக்குறியாகிவிடும். பாதி வரிசை நல்லது, பாதி கெட்டது என்பதுதான் நடைமுறையில் அதிகம். யாரோ நடுவில் இணைப்பு அமைப்பைச் சரிசெய்திருப்பார்கள்.

24, 24 என்றால் முறை வேறு. பத்தியை முதலில் "வார்பைனரி" ஆக மாற்றுங்கள், பிறகு யூடிஎஃப்8எம்பி4 வார்சார் ஆக்குங்கள். நேராக லத்தீன்1இலிருந்து யூடிஎஃப்8எம்பி4க்குப் பத்தியை மாற்றினால் 24, 48 ஆகிவிடும்.

இரண்டிலும் தரவைச் சரிசெய்த அதே நேரத்தில் இணைப்பையும் சரிசெய்ய வேண்டும்: இணைப்பு திறந்ததும் "செட் நேம்ஸ் யூடிஎஃப்8எம்பி4", பிஹெச்பியில் "செட்_சார்செட்". தரவை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பை விட்டால் மறுநாள் காலை புதிய வரிசைகள் பழைய நோயோடு வரும்.

அறிகுறி: பைதானில் "சார்மேப் கோடெக் கான்ட் டிகோட் பைட் 0எக்ஸ்8டி"

உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் ஓடும் ஸ்கிரிப்ட் வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினியில் இப்படி நிற்கும். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் கொடுக்கவில்லை. விண்டோஸ் 1252 என்ற கோட் பேஜை எடுத்துக்கொண்டது.

0எக்ஸ்8டி என்பது 141. அது புள்ளியின் மூன்றாவது பைட். 1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழில் உகரக்குறியின் கடைசி பைட் 129, புள்ளியின் கடைசி பைட் 141, "ஏ"க்கு 143, "ஐ"க்கு 144. ஆகப் புள்ளி வைத்த ஒரு மெய்யெழுத்து இருந்தாலே பிழை வந்துவிடும். "ராமமணி" மட்டும் உள்ள சோதனைக் கோப்பு பிழையே தராமல் குப்பையாக உள்ளே போய்விடும் என்பதுதான் இதில் மோசமான பகுதி. சோதனைக்குப் புள்ளியும் உகரமும் உள்ள பெயரை வையுங்கள்.

தீர்வு எளிது: எல்லா "ஓப்பன்" அழைப்பிலும் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எழுதுவது. பிறர் எழுதிய நூலகம் உள்ளே திறக்கிறது என்றால் "பைதான்யூடிஎஃப்8" என்ற சூழல் மாறிக்கு 1 கொடுங்கள், 3.7 முதல் இது உண்டு.

செய்யக் கூடாதது: பிழையை அடக்க "எர்ரர்ஸ்" இடத்தில் "இக்னோர்" போடுவது. பிழை நின்றுவிடும், கூடவே அந்த பைட்களும் போய்விடும். பிறகு மீட்க உட்கார்ந்தால் 224, 175 என்று இரண்டு பைட் மட்டும் நிற்கும். மூன்றாவது புள்ளியா உகரமா என்று தெரியாது. 224, 174 மட்டும் நின்றால் "ஏ"யா "ஐ"யா என்று தெரியாது. அகராதி வைத்து ஊகிப்பது தவிர வேறு வழியில்லை. ஆட்பெயர்களுக்கு அகராதியும் உதவாது.

அறிகுறி: வெறும் கட்டங்கள்

எழுத்துரு இல்லை. தரவு நலம். உங்கள் கணினியில் வந்து சர்வரில் வராத பிடிஎஃப்தான் இதற்கு வழக்கமான இடம். டாக்கர் இமேஜ்களில் தமிழ் எழுத்துரு இருக்காது. லினக்ஸில் "எஃப்சி-லிஸ்ட்" கட்டளைக்கு மொழி "டிஏ" என்று கொடுத்துப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் டெபியன், உபுண்டுவில் லோஹித் தமிழ் அல்லது நோட்டோ பொதியை நிறுவுங்கள். ஆல்பைனில் நோட்டோ தமிழ் தனிப் பொதியாகவே இருக்கிறது. நிறுவியதும் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அறிகுறி: கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு வருகிறது

"தேன்கனிக்கோட்டை" அச்சில் வரும்போது இரட்டைக் கொம்பு "த"வுக்குப் பின்னால் நிற்கிறது, அல்லது தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கிறது. பைட் சரி, எழுத்துரு சரி. எழுத்துக்களைக் கோத்து அடுக்கும் வேலையைச் செய்ய ஆளில்லை. யூனிகோடில் "தே" என்பது முதலில் த, பிறகு கொம்பு. காகிதத்தில் கொம்பு முன்னால் வர வேண்டும். "கோ"வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் உட்கார வேண்டும். இதைச் செய்வது ஷேப்பிங் இயந்திரம். பிரவுசருக்குள் ஹார்ஃப்பஸ் போன்ற ஒன்று இருக்கிறது, பல பிடிஎஃப் நூலகங்களுக்குள் இல்லை.

எஃப்பிடிஎஃப், டாம்பிடிஎஃப் ஆகியவற்றில் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து நாளைக் கழிக்க வேண்டாம். எம்பிடிஎஃப் என்றால் அந்த எழுத்துருவுக்கு "யூஸ்ஓடிஎல்" அமைப்பை 255 ஆக்குங்கள், கோத்துவிடும். மற்றபடி ஹெச்டிஎம்எல்லாக எழுதி, ஹெட்லெஸ் குரோமில் பிடிஎஃப் எடுப்பது தமிழுக்கு எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. பைதான்காரர்களுக்கு பாங்கோவை நம்பி ஓடும் வீசிபிரின்ட் உண்டு. பில்லோவில் படம் வரைகிறவர்கள் "ஃபீச்சர்ஸ்" பகுதியில் "ரக்ம்" இருக்கிறதா என்று சோதியுங்கள். பொய் என்று வந்தால் அடிப்படை அடுக்கு முறையில்தான் வரைகிறது, கொம்பு இடம் மாறத்தான் செய்யும்.

அறிகுறி: தெர்மல் பிரிண்டரில் சீன எழுத்து

சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் மண்டியில் இதுதான் அடிக்கடி. மலிவு விலைத் தெர்மல் பிரிண்டர்கள் பல, பெட்டியைத் திறக்கும்போதே சீன இரட்டை பைட் முறையில் இருக்கும். 127க்கு மேற்பட்ட பைட்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சீன எழுத்தாகின்றன. தமிழின் எல்லா பைட்டும் 127க்கு மேலே. அந்த முறையை அணைக்கும் கட்டளையை அனுப்பினால் சீனம் போகும்; அதற்காகத் தமிழ் வந்துவிடாது. இந்தப் பிரிண்டர்களின் கோட் பேஜ் பட்டியலில் தமிழ் இருப்பதில்லை, இருந்தாலும் கொம்பைக் கோக்கத் தெரியாது.

ரசீதைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 58 மிமீ காகிதத்துக்கு அச்சாகும் அகலம் 384 புள்ளி, 80 மிமீக்கு 576 புள்ளி. மிமீக்கு 8 புள்ளி. ஒரு பைட் 8 புள்ளியைச் சுமப்பதால் அகலம் 8ஆல் வகுபட வேண்டும். இல்லையென்றால் படம் படிக்கட்டு போலச் சாய்ந்து வரும். கறுப்பு வெள்ளை ஆக்கும்போது டிதரிங்கை (சாம்பல் நிறத்தைப் புள்ளித் தூவலாகக் காட்டும் முறை) அணைத்துவிட்டு ஒரே வரம்பில் வெட்டுங்கள். டிதரிங் இருந்தால் புள்ளி வைத்த எழுத்தெல்லாம் கொசு மொய்த்த மாதிரி ஆகி, எது புள்ளி என்று தெரியாது. எழுத்து உயரம் 24 புள்ளிக்குக் கீழே போனால் "ண"வும் "ன"வும் குழம்பும். நீளமான ரசீதை ஒரே படமாகத் தள்ளினால் சின்னப் பிரிண்டரின் பஃபர் நிரம்பி நடுவில் குப்பை வரும். 100, 150 வரிகளாகத் துண்டு போட்டு அனுப்புங்கள். எண்களும் மொத்தத் தொகையும் மட்டும் பிரிண்டரின் சொந்த எழுத்திலேயே போகட்டும், வேகமாக வரும்.

அறிகுறி: பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

இதுதான் நேரத்தைத் தின்னும். திரையில் இரண்டு "கோவிந்தன்" ஒன்றுபோலவே இருப்பார்கள், ஒருவருக்கு மட்டும் பாக்கி காட்டும்.

முதலில் இரண்டு சரத்தையும் குறி குறியாகப் பிரித்து எண்களை அச்சிடுங்கள். ஓகாரக் குறி 3019 என்ற ஒரே எண்ணாக இருக்கலாம். 3015, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். ஒகரம் 3018 அல்லது 3014, 3006. ஔகாரம் 3020 அல்லது 3014, 3031. யூனிகோட் கணக்கில் இந்தச் சோடிகள் சமம். சாதாரண ஒப்பீட்டில் சமமல்ல. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவிலும், மேக்கிலிருந்து வரும் கோப்புப் பெயர்களிலும் பிரிந்த வடிவம் அதிகம். தீர்வு, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் "என்எஃப்சி" இயல்பாக்கம். பைதானில் "யூனிகோட்டேட்டா", ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் "நார்மலைஸ்", ஜாவாவில் "நார்மலைசர்" எல்லாவற்றிலும் கூடவே வருகிறது. உள்ளே வரும் வாசலில் ஒரு முறை, தேடும் சொல்லுக்கு ஒரு முறை.

இயல்பாக்கம் கைவிடும் இடங்கள் உண்டு. ஔகாரத்தைப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறார்கள்: 3014, 2995. கண்ணுக்கு ஒன்றேதான், யூனிகோடுக்கு ஒன்றல்ல. ஓசூர் பக்கம் "கௌரம்மா"க்கள் நிறைய. பாதி கௌரம்மாக்கள் இப்படி இருப்பார்கள். கொம்பும் ளகரமும் வந்தால் மாற்றிவிடு என்று எழுதினீர்களோ, பாலக்கோடு பக்கத்து வெள்ளிச்சந்தை உடையும். அங்கே கொம்புக்குப் பின் வருவது உண்மையான ளகரம். ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்றுங்கள், அதுவும் தேடல் சாவியில் (தேடுவதற்கென்று தனியே வைக்கும் நகல்) மட்டும். சேமித்த பெயரில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது "ஸ்ரீ". 3000 என்ற ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2998இல் தொடங்குவது இன்னொன்று. 2998 யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். தமிழ் எண்களும் இப்படித்தான்: 3053 ஏழு என்ற எண், பார்வைக்கு "எ". 3054 எட்டு, பார்வைக்கு "அ". 3047 ஒன்று, பார்வைக்கு "க". பெயருக்குள் இவை வந்தால் சாவியில் எழுத்தாக்கிவிடலாம்.

பிறகு கண்ணுக்கே தெரியாதவை: 8203, 8204, 8205, 65279. இவற்றைச் சாவியிலிருந்து நீக்குங்கள். 160 வந்தால் சாதாரண இடைவெளியாக்குங்கள். தொலைபேசி எண் பத்தியில் 8234, 8236 பதுங்கியிருக்கும். தொடர்புப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்கள் பத்து இலக்கச் சோதனையில் தோற்பது இதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் தருமபுரியும் தர்மபுரியும் சேராது. இரண்டும் புழக்கத்தில் உள்ள எழுத்துமுறை. ஓசூர், ஒசூர் போலத்தான். இதை நிரலால் தீர்க்க முயலாமல், ஊருக்கு ஒரு எண் வைத்து, எழுத்துமுறைகளைத் தனி டேபிளில் அந்த எண்ணோடு இணையுங்கள். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் கிராமம் வரை எண் இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டால் நாளைக்கு வேறு துறைத் தரவோடு சேர்ப்பதும் எளிது.

அறிகுறி: "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்" என்று படிவம் மறுக்கிறது

ரெகெக்ஸில் (சரத்தின் வடிவத்தைச் சோதிக்கும் விதி) எழுத்து என்றால் உயிர்க்குறி சேராது. பைதானின் "\" குறியோடு வரும் டபிள்யூ வகை "தருமபுரி"யை "தர", "மப", "ர" என்று மூன்றாக உடைக்கும். "இஸ்ஆல்ஃபா" பொய் என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் அதே வகை ஆங்கிலத்தை மட்டுமே ஏற்கும். யூனிகோட் பண்பு வகைகளான "எல்" (எழுத்து), "எம்" (குறி) இரண்டையும் சேர்த்து அனுமதியுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் பிஹெச்பியிலும் "யூ" கொடி வேண்டும். 2944 முதல் 3071 வரை என்று எல்லை கட்டுகிறவர்கள், தளி, சூளகிரிப் பக்கத்தில் தெலுங்கிலோ கன்னடத்திலோ பெயர் எழுதுகிறவர்களை வெளியே நிறுத்துகிறார்கள். அவை 3072 முதல் 3327 வரை. முதலெழுத்துக்குப் புள்ளியும் இடைவெளியும் அனுமதியில் இருக்கட்டும்.

அறிகுறி: பெயர் பாதியில் நிற்கிறது

திரையில் இடம் போதாமல் பத்து எழுத்தில் வெட்டினால், வெட்டு மெய்க்கும் குறிக்கும் நடுவில் விழும். "தேன்கனிக்கோட்டை"யை 10 குறியில் வெட்டினால் "தேன்கனிக்க" என்று ஓகாரம் போய் வேறு சொல்லாகும். ஜாவாஸ்கிரிப்டில் "இன்டல் செக்மென்டர்", பிஹெச்பியில் "கிராஃபீம்_சப்ஸ்ட்ர்", பைதானில் ஓப்பன்-தமிழ் நூலகம் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். "க்ஷ", "ஸ்ரீ" இரண்டையும் யூனிகோட் விதி இரண்டிரண்டாகவே எண்ணும் என்பதால் "லக்ஷ்மி" சில நேரம் "லக்" என்று நிற்கும். அதற்குத் தனிச் சோதனை எழுதுவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

ஆரக்கிளில் "ஓஆர்ஏ-12899" வந்தால் பத்தியின் நீளம் பைட்டில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 20 என்றால் ஆறு குறி. பத்தியை "சார்" அளவில் மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டும் குறியில் எண்ணும். அங்கே நாம் நினைக்கும் எழுத்தைப் போல இரண்டு மடங்கு விட்டால் சரியாக இருக்கும்.

குறுஞ்செய்தியும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70. தாண்டினால் துண்டுக்கு 67. எண்ணப்படுவது குறிகள், எழுத்துகள் அல்ல. முழு ஆங்கிலச் செய்தியில் ₹ ஒன்று நுழைந்தாலும் 160 என்பது 70 ஆகிவிடும்; ஆகவே "ரூ." என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவதே செலவுக்கு நல்லது.

அறிகுறி: அகரவரிசை தாறுமாறு

குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை ஒட்டி, றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கும்; புள்ளி கடைசியில். ஆகவே மதகொண்டப்பள்ளி மத்தூருக்கு முன்னும், அனுமந்தபுரம் அரூருக்கு முன்னும் வரும். தமிழ் அகராதி முறைப்படி இரண்டும் தலைகீழ். போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைக் கொடுத்தால் தீர்ந்தது. பிரவுசரிலும் நோடிலும் "இன்டல் கொலேட்டர்" தமிழுக்குச் சரியாகச் செய்யும். நோட் 13க்கு முந்தைய பதிப்பில் முழு ஐசியு கூடவே வராததால், பிழை எதுவும் சொல்லாமலே ஆங்கில விதிக்குப் போய்விடும். மைஎஸ்க்யூஎல்லில் தமிழுக்கென்று கொலேஷன் இல்லை. ஐசியு தரும் வரிசைச் சாவியை ஒரு வார்பைனரி பத்தியில் சேமித்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். பெயர் மாறும்போதெல்லாம் சாவியும் மாற வேண்டும்.

அறிகுறி: பழைய எக்செல் முழுதும் அர்த்தமில்லாத ஆங்கிலம்

பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் தட்டிய கோப்பு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு மட்டும் தமிழ் முகம் காட்டியது. தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் (தமிழுக்கென அமைந்த 16 பிட் குறியாக்கம்) தரமாக அறிவித்தாலும், அதற்கு முன் தட்டிய பட்டியல்கள் பல அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்றியை ஓட்டக் கூடாது. எழுத்துருவுக்கு எழுத்துரு அட்டவணை வேறு.

ஓப்பன்பைஎக்செல்லில் ஒவ்வொரு கட்டத்தின் எழுத்துருப் பெயரையும் படிக்கலாம். அதை வைத்துக் கட்டம் கட்டமாக முடிவு செய்யுங்கள்: பாமினி என்றால் பாமினி அட்டவணை, ஏரியல் என்றால் தொடாதே. பத்தி முழுக்க ஒரே மாற்றியை ஓட்டினால், நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் இருந்த நிறுவனப் பெயர்கள் தமிழ்க் குப்பையாகிவிடும். ஒரே கட்டத்துக்குள் பாதி பாமினி, பாதி ஏரியல் இருப்பதும் உண்டு, குறிப்பாகப் பெயருக்குப் பக்கத்தில் கதவு எண் இருக்கும்போது. அதற்கு 3.1 பதிப்பில் வந்த "ரிச்_டெக்ஸ்ட்" விருப்பத்தோடு கோப்பைத் திறந்தால் துண்டு துண்டாக எழுத்துரு தெரியும். மாற்றி முடித்ததும் என்எஃப்சி ஓட்டுங்கள்; மாற்றிகள் பெரும்பாலும் கொம்பையும் காலையும் பிரித்தே தருகின்றன. மூலப் பத்தியை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்து, தட்டியவரையே பத்து வரி படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்புக்குப் பின் வரும் ளகரம் ஔகாரமா வெறும் ளகரமா என்பதைப் பழைய கோப்பில் அவரால்தான் சொல்ல முடியும்.